தொள்ளாயிரம் கொடிகள்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்று முந்நூற்று இருபது விதை வெட்டினேன். கட்டைவிரல் வீங்கிவிட்டது, பேனா பிடித்தால் வலிக்கிறது. அம்மா தூங்கிவிட்டார். போர்வைக்குள் கைப்பேசி வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

அம்மா கல்லுமலை குவாரியில் மண்டோர் ஆகி ஐந்து மாதம். ஆறு பெண்கள் அம்மா சொல்படி வேலை செய்கிறார்கள். எங்கள் கம்பத்து வீடுகளைப் பார்த்திருக்கும் சரிவில் கல் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். இனி அதைப் பச்சையாக்கித்தான் கம்பெனி திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டு முறை புல் போட்டார்கள், இரண்டு முறையும் மழை உரித்துக்கொண்டு போனது. போன டிசம்பரில் அந்தச் செம்மண் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு வந்தது. முன்னறைச் சுவரில் கோடு இன்னும் இருக்கிறது. தீபாவளிக்கு வீடு முழுக்கச் சாயம் அடிக்கப்போகும் அம்மா, அந்தச் சுவரை மட்டும் தொடமாட்டாராம். "மலை நிக்கட்டும். அப்புறம் அடிச்சிக்கலாம்."

புல்லுக்குப் பதிலாகக் காச்சாங் கொடி போடலாம் என்றது அம்மாதான். எஸ்டேட்டில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் கன்றுகளுக்கு அடியில் மண்ணை மூட விடுவார்களே, அந்தக் கொடி. வேர் ஆழமாக இறங்குமாம். அதன் விதை சட்டைப் பொத்தான் மாதிரி கறுப்பாக, கெட்டியாக இருக்கும். தண்ணீர் உள்ளே போகாது. நகவெட்டியால் தோலில் ஒரு துணுக்கு வெட்டி ஓரிரவு ஊறவைக்க வேண்டும். ஒவ்வொரு விதையையும்!

அம்மாவும், அவர் ஆட்களில் மூத்தவரான சந்திரமதி பெரியம்மாவும் மெதுவாக வெட்டுகிறார்கள். நான் ஒரு சுலபமான வழி கண்டுபிடித்துவிட்டேன். விதையில் வெள்ளையாக ஒரு தழும்பு இருக்கிறது, அந்த இடத்தில் நகவெட்டி வழுக்காது. டக் டக் டக். "கையி மெஷின் மாதிரி போவுது பாரு இவளுக்கு," என்றார் பெரியம்மா.

அம்மா சிரித்தார். எனக்கு அது போதும்.

ஆகஸ்ட் 16, சனி

என் பங்கு முடிந்தது. மூன்று மைலோ டின். மொத்தம் ஆயிரத்து நூறு விதை.

மாலையில் நாற்றங்காலில் பைகளில் ஊன்றினோம். சூப்பர்வைசர் ஜீவன் அங்கிள் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "என்னா மண்டோரம்மா, குவாரிய எஸ்டேட் ஆக்கிட்டீங்க? அடுத்து மாடு வளப்பீங்களா?"

"மாடு வேணாம் பாஸ். நீங்க இருக்கீங்களே, போதும்," என்றார் அம்மா.

எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் தலையைக் குனிந்து பைகளை எண்ணினேன். அவரிடம் ஏன் இப்படிப் பேசுகிறார்? வேலையை விட்டு எடுத்துவிட்டால்?

எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். குவாரியில் வெடி வைக்கும்முன் ஊதும் சங்குக்கு, மழைக்கு, வகுப்பில் என் பெயரைக் கூப்பிடுவதற்கு. அதனால்தான் இந்த நோட்டு. பயத்தை இங்கே வைத்துவிட்டால் அம்மாவிடம் கொண்டுபோக வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அம்மாவும் பெரியம்மாவும் வெட்டிய விதைகள் முளைத்துவிட்டன. என்னுடைய மூன்று வரிசையில் ஒன்றுகூட இல்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

தெரிந்துவிட்டது.

பள்ளி விட்டு நாற்றங்காலுக்குப் போனேன். அம்மா ஒரு பையைக் கிளறி, விதையை விரலால் நசுக்கினார். உள்ளே கூழ். நாற்றம். வெட்டு எந்தப் பக்கம் என்று திருப்பிப் பார்த்தார்.

"கண்ணு பக்கம் வெட்டிருக்கு. முளை அங்கதான இருக்கு? எதிர்ப்பக்கம் இல்ல வெட்டணும்? யாரு வெட்டுனது இத?"

வெள்ளைத் தழும்பு. அதுதான் விதையின் கண். எஸ்டேட்டில் வளர்ந்தவர்களுக்கு அது சொல்லாமலே தெரியும். எனக்குச் சொல்ல வேண்டும் என்று அம்மாவுக்குத் தோன்றவே இல்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

டின்களில் பெயர் இல்லை, எந்த வரிசை யாருடையது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ஜீவன் அங்கிள் சந்திரமதி பெரியம்மாவைப் பார்த்தார். "வேற யாரு? சோடாபுட்டி கண்ணாடி போட்டவங்கள விதை வெட்ட விட்டா இப்படித்தான்."

பெரியம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். அவரை நாற்றங்காலிலிருந்து எடுத்து, வெயிலில் கால்வாய் வெட்டும் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் அங்கேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

சாப்பாடு இறங்கவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 30, சனி

சரிவுக்கு இரண்டாயிரம் செடி வேண்டும். முளைத்துக் கையில் இருப்பதும் ஆயிரத்து நூறுதான். தொள்ளாயிரம் குறைகிறது. புதிய விதை இந்தியாவிலிருந்து வர மூன்று மாதமாம். அதற்குள் மழை வந்துவிடும். அக்டோபர் கடைசிக்குள் சரிவு முழுக்க நடாவிட்டால் பழையபடி புல் போடும் ஆட்களைக் கூப்பிடப்போவதாகக் கம்பெனி சொல்லிவிட்டது. அம்மாவின் ஆறு பேருக்கும் வேலை இருக்காது. புல்லும் நிற்காது. மண் மறுபடியும் இறங்கும்.

எல்லாம் என் கட்டைவிரலால்.

அம்மா தொலைபேசியில் அப்பாவிடம் பேசியது கேட்டது. அப்பா சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறார், மாதத்துக்கு இரண்டு முறைதான் வருவார். "அந்தக்கா மேல தப்பு இருக்காதுங்க. பத்து வயசுலருந்து வெட்டுறாங்க. ஆனா நான் என்னத்த சொல்லுவேன்?" என்றார் அம்மா.

நாளைக்குச் சொல்லிவிடுவேன். சொல்வேனா?

ஆகஸ்ட் 31, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். "அம்மா, அந்த விதை நான் வெட்டுனது," என்றேன். அம்மாவுக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். அம்மா கையில் இருந்த சட்டையை உதறி, கொடியில் போட்டு, கிளிப் மாட்டினார். திட்டவில்லை. "செருப்ப மாட்டு," என்றார்.

நேராகச் சந்திரமதி பெரியம்மா வீட்டுக்கு. தொலைக்காட்சியில் நம் நாட்டுச் சுதந்திர தின அணிவகுப்பு ஓடிக்கொண்டிருந்தது. நான் அழுதுகொண்டே சொன்னேன். பெரியம்மா என்னையே பார்த்தார்.

"அடியே! உன்னால நேத்து சிகாமாட்டுக்குப் பஸ் ஏறிப் போயி புதுக் கண்ணாடிக்கு அளவு குடுத்துட்டு வந்துட்டேனே! எனக்கே சந்தேகம் வந்துடுச்சி, நாமதான் குருடாயிட்டோமோன்னு!"

அப்புறம் சிரித்தார். அம்மாவும் சிரித்தார். எனக்கு அழுகை இன்னும் அதிகமானது.

திரும்பி வரும்போது அம்மா சொன்னார்: "நாளைக்கு ஜீவன்கிட்டயும் சொல்லணும். நான் சொல்லுறேன். என் மக செஞ்சது, நான் பாக்காம விட்டதுன்னு."

"வேணாம்மா. அவரு சிரிப்பாரு."

"சிரிக்கட்டும். அக்கா நிழலுக்கு வந்துருவாங்கல்ல?"

செப்டம்பர் 1, திங்கள்

சிரித்தாராம். பெரியம்மா நிழலுக்கு வந்துவிட்டார். தொள்ளாயிரம் மட்டும் அப்படியே நிற்கிறது.

செப்டம்பர் 6, சனி

நினைக்கிற வேகத்துக்குக் கை எழுத வரமாட்டேன் என்கிறது!

என் தோழி ஆப்ரினும் நானும் சைக்கிளில் ரயில் பாதை ஓரமாகப் போனோம். அவள் அப்பா நவ்சாத் அங்கிளின் சாப்பாட்டுக் கடைக்கு வாழையிலை வாங்க. பாதைக்கு அந்தப் பக்கம் எஸ்டேட். அதன் காச்சாங் கொடி கால்வாயைத் தாண்டி, வேலி ஏறி, ஒரு பலகையையே விழுங்கியிருந்தது. ஆப்ரினின் சைக்கிள் அதில் சிக்கிக்கொண்டது. "அலமாக்! பேய் பிடிச்ச கொடி லா இது!" என்று இழுத்தாள். இழுத்த கொடி மண்ணோடு வந்தது.

கொடி தரையைத் தொட்ட கணு ஒவ்வொன்றிலும் வேர்!

விதையே வேண்டாமே! செடி இங்கே படுத்துக் கிடக்கிறது, ஆயிரக்கணக்கில்!

பத்துக் கணுவை வெட்டி வாழையிலையில் சுற்றிக் கொண்டுவந்து பைகளில் வைத்தேன். கிணற்றடிக்குப் பின்னால், அம்மா கண்ணில் படாத இடத்தில்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பத்தும் செத்துவிட்டன. இலையெல்லாம் வேகவைத்த கீரை மாதிரி.

செப்டம்பர் 13, சனி

மறுபடியும் போனேன், தனியாக. எஸ்டேட் காவலுக்கு நாய் இருக்கிறது. பயந்துகொண்டேதான் போனேன்.

டிராக்டர் போகும் தடத்தில் ஒன்றைப் பார்த்தேன். சக்கரம் ஏறி ஒரு கொடி அறுந்திருக்கிறது. அறுந்து பல நாள் ஆகியிருக்கும், வெட்டு காய்ந்து கறுத்துவிட்டது. தாய்க்கொடி அந்தப் பக்கம், துண்டு இந்தப் பக்கம். அந்தத் துண்டு சாகவில்லை. புதிதாக இரண்டு இலை விட்டிருக்கிறது.

உட்கார்ந்து யோசித்தேன். நான் அறுத்ததையும் பிடுங்கியதையும் ஒரே நாளில் செய்தேன். இதை அறுத்தது டிராக்டர், பிடுங்க யாரும் வரவில்லை. சொந்த வேரில் நிற்கப் பழக அதற்கு நாள் கிடைத்திருக்கிறது.

அப்படியென்றால் முதலில் அறுக்க வேண்டும், இடத்திலேயே விட வேண்டும், பத்து நாள் கழித்துத்தான் எடுக்க வேண்டும்!

பத்துக் கணுவுக்கு இரு பக்கமும் வெட்டிவிட்டு, அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டிவிட்டு வந்தேன். நாய் குரைத்தது. ஓடவில்லை. வேகமாக நடந்தேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

தோண்டி எடுத்துவிட்டேன். பத்தும் பையில். இரண்டு இலைக்கு மேல் இருந்ததைக் கிள்ளிவிட்டேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

எட்டு! எட்டு! பத்தில் எட்டு!

அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அம்மா குனிந்து ஒரு தளிரைத் தொட்டார். பையைத் தலைகீழாகத் தட்டி வேரைப் பார்த்தார். "எங்க எஸ்டேட்ல விதைதான் போடுவாங்க. இத யாரும் செஞ்சி நான் பாத்ததே இல்ல," என்றார். அப்புறம் பையை நிமிர்த்தி வைத்துவிட்டு, "எஸ்டேட்டுக்குள்ள நீயா போன? நாயி இருக்குமே?"

"இருந்துச்சி."

"பயமா இல்ல?"

"இருந்துச்சி."

செப்டம்பர் 30, செவ்வாய்

புவான் ரோஹானாவைப் பார்த்தோம். குவாரியின் சுற்றுச்சூழல் அதிகாரி. முடிவு அவர் கையில். நான்தான் பேச வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். மலாயில்.

ஜீவன் அங்கிளும் இருந்தார். "ஸ்கூல் புரொஜெக்ட்டா, பாப்பா? விதைய கொன்னது நீதான?"

"ஆமா அங்கிள். ஆயிரத்து நூறு," என்றேன்.

புவான் ஒரே கேள்விதான் கேட்டார். பெராப்பா ஹிடுப், எத்தனை பிழைத்தது? முதல் முறை பத்தில் பூஜ்யம், இரண்டாவது முறை பத்தில் எட்டு என்றேன். பூஜ்யத்தை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது. புவான் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். அப்புறம் நாள்காட்டியைத் திருப்பினார். இந்த வாரக் கடைசியில் அறுத்தால் தீபாவளிக்கு முன்னால் நட்டுவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மா முடியும் என்றார். யோசிக்கவே இல்லை.

அக்டோபர் 4, சனி

எஸ்டேட் உதவி நிர்வாகியிடம் அனுமதி கேட்கப் பயந்துகொண்டே போனோம். "காச்சாங் கொடியா? எடுத்துட்டுப் போங்க! மொத்தத்தையும் எடுத்துட்டுப் போங்க! என் கன்னு கழுத்தயெல்லாம் நெரிக்குது," என்றார் அவர். இரண்டு வேலையாட்களையும் கொடுத்தார்.

அம்மாவின் ஆறு பேர், என் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேர், ஆப்ரின். எப்படி அறுப்பது என்று நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. நான்! வகுப்பில் கை தூக்காத நான். "கணுவுக்கு ரெண்டு பக்கமும் ஒரு சாண் விட்டு வெட்டணும். நூலு கட்டணும். புடுங்கக் கூடாது. ஆசையா இருந்தாலும் புடுங்கக் கூடாது."

"சரி டீச்சர்," என்றார் சந்திரமதி பெரியம்மா, புதுக் கண்ணாடிக்கு மேலே பார்த்து.

நவ்சாத் அங்கிள் வேனில் ரொட்டி சானாயும் தே தாரிக் தேநீரும் கொண்டுவந்தார். இன்று எழுநூற்று நாற்பது. நாளைக்கு மீதி. மொத்தம் ஆயிரத்து இருநூறு வரை அறுத்துவிட வேண்டும், பத்தில் இரண்டு போகும் அல்லவா?

அக்டோபர் 18, சனி

தோண்டினோம். ஈரச் சாக்கில் சுற்றி லாரியில் ஏற்றினோம். அப்படியே சரிவுக்கு. கல் எடுக்கக் கல்லுமலையைப் படிக்கட்டு மாதிரி வெட்டியிருக்கும் படிகளில் நான் ஏறியது இதுதான் முதல் முறை. கீழே பார்த்தால் எங்கள் வீட்டுத் தகரக் கூரை தெரிகிறது. அவ்வளவு அருகில். அவ்வளவு நேர் கீழே.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. முறுக்கு கடையில் வாங்கியது. எண்ணெய் தேய்த்துக் குளித்தும் நகத்துக்குள் செம்மண் போகவில்லை. அப்பா என் கையைப் பார்த்துவிட்டு, "இது என்னா மருதாணியா?" என்றார்.

நேற்று சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடைசிக் கொடியை நட்டோம். விதைச் செடிகளும் சேர்த்து இரண்டாயிரத்து எழுபது. மொத்தச் சரிவும்!

நவம்பர் 2, ஞாயிறு

மூன்றாம் படியில் நட்டதெல்லாம் வாடிவிட்டது. அங்கே வெறும் பாறை, சூடு. நூற்று இருபது போய்விட்டது. இரண்டு வாரமாக மழையே இல்லை. மழை வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம்.

நவம்பர் 3, திங்கள்

நம்ப முடியவில்லை. நேற்று விடுமுறை நாளில் ஜீவன் அங்கிள் தண்ணீர் லாரியைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து மூன்றாம் படியையும் நான்காம் படியையும் நனைத்துவிட்டுப் போனாராம். அம்மா நன்றி சொன்னதற்கு, "மாடு வளக்கலாம்னு பாத்தேன், மண்டோரம்மா. தீவனம் காஞ்சிறக் கூடாதுல்ல," என்றாராம்.

நவம்பர் 15, சனி

ஒரு கொடிக்குச் சிவப்பு நூல் கட்டி அளந்து வருகிறேன். ஒரு நாளைக்கு ஒன்பது சென்டிமீட்டர். சில நாள் பதினொன்று. கீழே நின்று பார்த்தால் மலை பச்சைக் கம்பளிக்குள் கை நுழைப்பதுபோல இருக்கிறது. மூன்றாம் படி மட்டும் மொட்டை. மேல் படியிலிருந்து கொடி தொங்கிக்கொண்டு அதற்கும் வருகிறது.

வா. சீக்கிரம் வா.

டிசம்பர் 10, புதன்

மழை.

டிசம்பர் 11, வியாழன்

நிற்கவில்லை. அரிசி மூட்டையை அம்மா கட்டில் மேல் வைத்துவிட்டார். என் புத்தகங்களை அலமாரி உச்சிக்கு. பள்ளி இல்லை. அம்மா குவாரிக்குப் போயிருக்கிறார், மழைச் சட்டை போட்டுக்கொண்டு. கூரையில் விழும் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. போன வருடமும் இப்படித்தான் கேட்டது. அப்புறம் ஒரு உறுமல், அப்புறம் கதவுக்கு அடியில் சிவப்பு.

முன்னறைச் சுவரில் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 12, வெள்ளி

இதை உடனே எழுதியாக வேண்டும்.

காலையில் மழை கொஞ்சம் விட்டதும் குடை எடுத்துக்கொண்டு கால்வாய்க்கு ஓடினேன். மலையிலிருந்து வரும் தண்ணீர் எங்கள் வீட்டுப் பின்புறம் வழியாகத்தான் போகும். போன வருடம் மிளகாய்த்தூளைக் கரைத்து ஊற்றியதுபோல வந்தது.

தண்ணீர் நிறைய. வேகம். சத்தம். ஆனால் வெளுத்த தேநீர் நிறம்தான்! மாமரத்தடியில் கொஞ்சம் அடங்கி ஓடுகிற இடத்தில் அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிகிறது. கையை விட்டு எடுத்துப் பார்த்தேன். உள்ளங்கையில் மண் இல்லை. மறுபடியும் அள்ளினேன். இல்லை!

கத்திவிட்டேன். நான், மழையில், தனியாக, நடுக்கால்வாயில் நின்று கத்தினேன். பக்கத்து வீட்டில் யாரோ கதவைத் திறந்து, "என்னாடி ஆச்சு, பாம்பா?" என்றார்கள். "இல்ல! தண்ணி! தண்ணியப் பாருங்க!" அவர்கள் குனிந்து பார்த்தார்கள். ஒன்றும் இல்லையே என்றார்கள். ஆமாம்! ஒன்றும் இல்லை!

மதியம் அம்மா வந்தார், முழங்கால் வரை நனைந்து. மூன்றாம் படியில் கொஞ்சம் சரிந்திருக்கிறதாம், ஒரு லாரி அளவு. கீழ்ப்படிக் கொடி அதைப் பிடித்து நிறுத்திவிட்டதாம். "வலையில மீன் மாட்டுன மாதிரி கிடக்கு," என்றார். மற்றதெல்லாம் அசையவில்லை.

அரிசி மூட்டையை இறக்கிவைத்து, அம்மா சோறு வடித்தார். சந்திரமதி பெரியம்மாவும் வந்தார். மூன்று பேரும் கருவாட்டுக் குழம்பு போட்டுச் சாப்பிட்டோம். நான் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

டிசம்பர் 30, செவ்வாய்

ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் சரிவு முழுக்க நடந்தார்கள். மூன்றாம் படியை மட்டும் மறுபடி நடச் சொன்னார்கள், மற்றது தேறிவிட்டது. அடுத்த வருடம் பின்பக்கச் சரிவும் அம்மாவின் ஆட்களுக்குத்தான். புவான் ரோஹானா அறிக்கையில் "அறுத்து விட்டு எடுக்கும் முறை" என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறாராம். அதில் முதல் பத்தில் பூஜ்யம் என்பதும் இருக்கிறதாம்.

ஜனவரி 11, ஞாயிறு

பொங்கலுக்கு இன்னும் நான்கு நாள். பகல் மூன்று மணி. முன்னறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜன்னல் வழியாக மலை தெரிகிறது.

பின்பக்கச் சரிவுக்குப் புது விதை வந்துவிட்டது. கொடியும் போடுவோம், விதையும் போடுவோம் என்கிறார் அம்மா. காலையில் சந்திரமதி பெரியம்மாவோடு இரண்டு புதிய பெண்கள் வந்தார்கள், யோங் பெங்கிலிருந்து. அம்மா மைலோ டின்னையும் நகவெட்டியையும் அவர்கள் முன்னால் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் ஒரு விதையை எடுத்து வெள்ளைத் தழும்பைக் காட்டினேன். "இது கண்ணு. இங்க வெட்டக் கூடாது. வழுக்காம ஈசியாதான் இருக்கும், ஆனா வெட்டக் கூடாது."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் ஒருத்தி.

"ஆயிரத்து நூறு வெட்டிப் பாத்தவ," என்றார் பெரியம்மா.

அவர்கள் போன பிறகு அம்மா சாய டின்னைத் திறந்தார். இளமஞ்சள். தீபாவளிக்கு அடித்ததில் மீதி. பிரஷ்ஷை முக்கி, வடித்து, என் கையில் கொடுத்தார். "நீ அடி," என்றார்.

செம்மண் கோடு இரண்டு பூச்சில் மறைந்துவிட்டது. சுவர் இன்னும் காயவில்லை.